யோகாசனமும் குத்துச்சண்டையும்: ஒரு கிறிஸ்தவர் எதை விசாரிக்க வேண்டும்?

கேள்வி இரண்டு பகுதிகளாக வந்திருக்கிறது. கிறிஸ்துவை விசுவாசிக்கும் ஒருவர் உடல்நலத்துக்காக யோகா வகுப்பில் சேரலாமா என்பது முதல் பகுதி. கராத்தே, குத்துச்சண்டை, எம்.எம்.ஏ. எனப்படும் கலப்புச் சண்டை போன்றவற்றில் பங்கேற்கலாமா, பிள்ளைகளை அவற்றுக்கு அனுப்பலாமா என்பது இரண்டாம் பகுதி. சபைகளில் இவ்விரண்டையும் ஒரே மூச்சில் பேசி, அந்நிய மார்க்கத்திலிருந்து வந்தவை என்று இரண்டையும் தள்ளிவிடுவதோ, வெறும் உடற்பயிற்சிதானே என்று இரண்டையும் ஏற்றுக்கொள்வதோ வழக்கமாக இருக்கிறது. என் கருத்தில் இவை வெவ்வேறு கேள்விகள். யோகாவைப் பற்றிய கேள்வி, தேவனாகிய கர்த்தரிடத்தில் முழு இருதயத்தோடும் அன்புகூர வேண்டும் என்ற முதலாம் கற்பனையைத் தொடுகிறது. சண்டை விளையாட்டைப் பற்றிய கேள்வி, பிறனிடத்தில் அன்புகூர வேண்டும் என்ற இரண்டாம் கற்பனையைத் தொடுகிறது. முதலாவதைப் பற்றி நம்மிடையே எச்சரிக்கைகளுக்குக் குறைவில்லை. இரண்டாவதைப் பற்றித்தான் நாம் மிகக் குறைவாகப் பேசியிருக்கிறோம். இந்தப் பதிலை எழுதத் தூண்டியதும் அந்தக் குறைவுதான்.

யோகாவை முதலில் எடுத்துக்கொள்வோம். பதஞ்சலியின் யோக சூத்திரங்கள் எட்டு அங்கங்களைச் சொல்கின்றன: இயமம், நியமம், ஆசனம், பிராணாயாமம், பிரத்தியாகாரம், தாரணை, தியானம், சமாதி. ஏறக்குறைய இருநூறு சூத்திரங்களில் ஆசனத்தை நேரடியாகப் பேசுபவை மூன்று மட்டுமே. அவையும் அசையாமலும் சுகமாகவும் அமர்வதைப் பற்றியே பேசுகின்றன. நூலின் நாட்டமெல்லாம் சித்தத்தின் அலைகளை அடக்கி, புருஷன் எனப்படும் ஆன்மா பிரகிருதி எனப்படும் இயற்கையிலிருந்து விடுபட்டு நிற்கும் கைவல்ய நிலையை அடைவதில் இருக்கிறது. ஆகவே யோகம் என்பது வெறும் தசைப் பயிற்சி என்று சொல்பவர், அதை உண்டாக்கியவர்களின் சொல்லுக்கே மாறாகப் பேசுகிறார். இன்னொரு பக்கமும் உண்டு. இன்று உலகெங்கும் வகுப்புகளில் கற்பிக்கப்படும் தொடர் ஆசனப் பயிற்சியின் வடிவம் பெரும்பாலும் 20-ஆம் நூற்றாண்டின் முற்பகுதியில் உருவானது. 1930-களில் மைசூர் அரண்மனையின் ஆதரவில் கற்பித்த கிருஷ்ணமாச்சாரியாரும், அவரிடம் பயின்ற பி.கே.எஸ். ஐயங்காரும் பட்டாபி ஜோயிஸும் அதற்கு உருக்கொடுத்தவர்கள். சூரிய நமஸ்காரத்தை மக்களிடையே ஓர் உடற்பயிற்சி முறையாகப் பரப்பியவர் 1920-களில் அவுந்து சமஸ்தானத்தை ஆண்ட மன்னர். பழைய தத்துவமும் புதிய உடற்பயிற்சியும் இப்படிக் கலந்து வந்திருப்பதால், வகுப்புக்கு வகுப்பு அவற்றின் விகிதம் மாறுகிறது. யோகா என்ற பெயர்ப்பலகையை மட்டும் பார்த்து உள்ளே நடப்பது இன்னதென்று எவரும் தீர்மானித்துவிட முடியாது.

திருச்சபைகளும் ஒரே குரலில் பேசவில்லை. கத்தோலிக்கத் திருச்சபையின் விசுவாசக் கோட்பாட்டுப் பேராயம், கர்தினால் ராட்சிங்கரின் தலைமையில், 1989 அக்டோபரில் கிறிஸ்தவத் தியானத்தைப் பற்றி ஆயர்களுக்கு ஒரு கடிதம் அனுப்பியது. பிற சமயங்களின் தியான முறைகளில் பயனுள்ளவற்றை எடுத்துக்கொள்ளலாம், ஆனால் ஜெபத்தைப் பற்றிய கிறிஸ்தவப் புரிதல் அதனால் மங்கிவிடக் கூடாது என்பது அதன் நிலை. அதில் நான் அடிக்கடி திரும்பிப் படிக்கும் பகுதி ஒன்று உண்டு. சில உடற்பயிற்சிகள் தாமாகவே அமைதியையும் இளைப்பாறுதலையும், சில வேளைகளில் ஒளியையும் வெப்பத்தையும் போன்ற உணர்வுகளையும் உண்டாக்குகின்றன. அவற்றைப் பரிசுத்த ஆவியானவர் தரும் ஆறுதல் என்று எடுத்துக்கொள்வது முற்றிலும் தவறு என்று அக்கடிதம் சொல்கிறது. யோகாவில் பிசாசைத் தேடுபவர்கள் பலர். ஆனால் மூச்சுப் பயிற்சிக்குப் பின் உடல் தரும் இதமான அமைதியை ஜெபம் என்று நினைத்துக்கொண்டு, ஜெபிப்பதையே விட்டுவிடும் ஆபத்துதான் நடைமுறையில் அதிகம் என்று நான் கருதுகிறேன்.

கிரேக்க ஆர்த்தடாக்ஸ் திருச்சபையின் ஆயர் மன்றம் 2020 ஜூனில் இதைவிடக் கடுமையாகப் பேசியது: யோகா ஆர்த்தடாக்ஸ் விசுவாசத்தோடு சற்றும் பொருந்தாது, கிறிஸ்தவர்களின் வாழ்வில் அதற்கு இடமில்லை என்று அறிவித்தது. அமெரிக்காவின் தென் பாப்திஸ்து சபையைச் சேர்ந்த இறையியலாளர் ஆல்பர்ட் மோலர் 2010-இல், உடலைத் தெய்வீக உணர்வுக்கான வாசலாகக் கருதும் பார்வை கிறிஸ்தவத்துக்கு முரணானது என்று எழுதியபோது பெரிய விவாதம் எழுந்தது. எதிர்த் திசையில், பெனடிக்ட் சபைத் துறவி ஜான்-மாரி தெஷானே 1950-களிலேயே ஆசனங்களைத் தம் ஜெபத்துக்கு ஆயத்தமாகப் பயன்படுத்தி, அதைப் பிறருக்கும் பரிந்துரைத்தார். இவர்களில் எவரையும் விசுவாசமற்றவர் என்று தள்ளிவிட எனக்குத் துணிவில்லை.

வேதம் என்ன சொல்கிறது என்று பார்த்தால், யோகாவின் பெயர் அதில் இல்லை. ஆனால் அதைப் போன்ற சிக்கலைப் பவுல் கொரிந்து சபைக்கு எழுதிய முதலாம் நிருபத்தில் மூன்று அதிகாரங்களுக்கு விரித்துப் பேசுகிறார். விக்கிரகத்துக்குப் படைக்கப்பட்ட இறைச்சியை உண்ணலாமா என்பது அங்கே கேள்வி. அவருடைய பதில் இடத்துக்கு இடம் வேறுபடுவதைக் கவனிக்க வேண்டும். கோயிலில் பலியோடு நடக்கும் பந்தியில் உட்காருவதை அவர் திட்டவட்டமாக மறுக்கிறார். கர்த்தருடைய பந்திக்கும் பேய்களுடைய பந்திக்கும் ஒருங்கே பங்குள்ளவர்களாக இருக்க முடியாது என்கிறார். அதே இறைச்சி கடைக்கு வந்துவிட்டால், ‘கடையில் விற்கப்படுகிற எதையும் வாங்கிப் புசியுங்கள், மனச்சாட்சியினிமித்தம் நீங்கள் ஒன்றையும் விசாரிக்கவேண்டியதில்லை’ என்கிறார். விருந்துக்கு அழைத்தவர் வீட்டில் ஒருவர், இது படைக்கப்பட்டது என்று சுட்டிக்காட்டினால், அவருடைய மனச்சாட்சிக்காக உண்ணாதிருங்கள் என்கிறார். இறைச்சி மூன்று இடங்களிலும் ஒன்றே. அது எங்கிருந்து வந்தது என்பதைக்கொண்டு பவுல் தீர்ப்புச் சொல்லவில்லை. இப்போது அங்கே நடப்பது வழிபாடா, அருகில் இருப்பவர் அதை எப்படி எடுத்துக்கொள்கிறார் என்பதைக்கொண்டே தீர்ப்புச் சொல்கிறார்.

இதைச் சூரிய நமஸ்காரத்துக்குப் பொருத்திப் பார்க்கலாம். பன்னிரண்டு நிலைகளையும் செய்து, ஒவ்வொரு சுற்றுக்கும் ‘ஓம் மித்ராய நமஹ’, ‘ஓம் ரவயே நமஹ’ என்று சூரியனின் பெயர் ஒன்றைச் சொல்லி வணங்குவது மரபு. அப்படிச் சொல்லிச் செய்பவர் வணங்குகிறார், அதில் ஐயமில்லை. ஒரு கிறிஸ்தவர் அதில் கலந்துகொண்டு, மனதுக்குள் வேறொன்றை நினைத்துக்கொண்டேன் என்று சொல்வது தமக்கும் உண்மையன்று, பக்கத்தில் மெய்யான பக்தியோடு வணங்கும் இந்துவுக்கும் மரியாதையன்று. அதே குனிதலையும் நிமிர்தலையும் முதுகுவலிக்காக ஒரு பிசியோதெரபிஸ்ட் சொல்லிக்கொடுத்தால், அது கடைக்கு வந்த இறைச்சி. முதுகெலும்பு வளையும் கோணத்தில் தேவதூஷணம் எதுவும் இல்லை.

நாகமானின் கதை இங்கே நினைவுக்கு வருகிறது. குஷ்டம் நீங்கி இஸ்ரவேலின் தேவனை ஏற்றுக்கொண்ட அந்தச் சீரியப் படைத்தலைவன், தன் ராஜா ரிம்மோன் கோயிலில் தன் கையின்மேல் சாய்ந்து பணியும்போது தானும் குனிய வேண்டியிருக்கும், அதைக் கர்த்தர் மன்னிப்பாராக என்று எலிசாவிடம் கேட்கிறான். எலிசா அவனைக் கடிந்துகொள்ளவில்லை. ‘சமாதானத்தோடே போ’ என்கிறார். குனிந்த முதுகு மட்டுமே வழிபாடாகிவிடாது என்பதற்கு இதைவிடத் தெளிவான இடம் வேதத்தில் இல்லை. ஆனால் நாகமான் தன் பதவிக் கடமையால் அங்கே நிற்க நேர்ந்தவன். விருப்பப்பட்டுத் தேடிப்போனவன் அல்லன். அவன் மன்னிப்புக் கேட்கிறான், அனுமதி கேட்கவில்லை. தானே தேர்ந்துகொண்டு போகும் வகுப்புக்கு இந்த வசனத்தைச் சாக்காகக் காட்டுவது சரியாகாது.

பெயர்களை மட்டும் மாற்றிச் சிக்கலைத் தீர்க்கும் முயற்சிகளில் எனக்கு நம்பிக்கை இல்லை. அமெரிக்காவின் அலபாமா மாநிலம் 1993-இல் அரசுப் பள்ளிகளில் யோகாவைத் தடைசெய்தது. 2021-இல் தடையைத் தளர்த்தியபோது, மந்திரமும் ‘நமஸ்தே’யும் கூடாது, ஆசனங்களுக்கு ஆங்கிலப் பெயர்கள் மட்டுமே வேண்டும் என்று நிபந்தனை விதித்தது. கலிபோர்னியாவில் ஒரு பள்ளி மாவட்டத்தின் யோகா வகுப்பை எதிர்த்துப் பெற்றோர் தொடுத்த வழக்கில், அங்கே கற்பிக்கப்பட்ட வடிவம் மதப் போதனை ஆகாது என்று 2015-இல் மேல்முறையீட்டு நீதிமன்றம் தீர்ப்பளித்தது. ஓர் அரசு தன் பள்ளிகளுக்கு இப்படி எல்லை வகுப்பதில் பொருள் உண்டு. ஒரு விசுவாசியின் மனச்சாட்சிக்கு அது போதாது, ஏனெனில் பெயர் போன பின்பும் நோக்கம் தங்கியிருக்கலாம், பெயர் இருக்கும்போதே நோக்கம் போயிருக்கலாம். மந்திரத்தின் இடத்தில் இயேசுவின் நாமத்தைப் பொருத்தி, கிறிஸ்தவ யோகா என்று அழைப்பதில் எனக்கு இன்னும் அதிகத் தயக்கம். உடற்பயிற்சிதான் வேண்டுமென்றால் உடற்பயிற்சியாகவே செய்யலாம். யோகம் தங்கள் சமயத்தின் பிரிக்க முடியாத பகுதி என்று இந்துக்களில் பலர் சொல்லும்போது, அவர்கள் புனிதமாகக் கருதும் ஒன்றை எடுத்து, நம்முடைய முத்திரையைக் குத்திக்கொள்வது நேர்மையாகாது.

ஆகவே என் தீர்ப்பு இது. உடலை நீட்டுவதோடும் மூச்சைச் சீராக்குவதோடும் நிற்கும் வகுப்பில் ஒரு கிறிஸ்தவர் சுதந்திரத்தோடு பங்கேற்கலாம். மந்திர ஜெபம், குருவுக்கோ தெய்வத்துக்கோ வணக்கம், குண்டலினியை எழுப்புதல், ‘உனக்குள் இருக்கும் தெய்வத்தை உணர்’ என்ற வழிநடத்துதல் ஆகியவை வரும் இடத்தில் அவர் எழுந்து வந்துவிட வேண்டும். அதை முன்கூட்டியே ஆசிரியரிடம் மரியாதையாகக் கேட்டுத் தெரிந்துகொள்வது இன்னும் நல்லது. யோக மார்க்கத்தில் ஆழமாக ஈடுபட்டு, அதிலிருந்து கிறிஸ்துவிடம் வந்த ஒருவருக்கு மட்டும் இந்தச் சுதந்திரம் பொருந்தாமல் போகலாம். பத்மாசனத்தில் உட்கார்ந்தாலே பழைய உபாசனை நினைவுக்கு வருகிறவருக்கு அது வெறும் உட்காருதல் அன்று. ‘விசுவாசத்தினாலே வராத யாவும் பாவமே’ என்று ரோமருக்கு எழுதப்பட்டது அவரைப் பற்றியதுதான். அவரைப் பலவீனர் என்று ஏளனம் செய்யவோ, அவருக்கு முன்பாக நம் சுதந்திரத்தைக் காட்டிக்கொள்ளவோ நமக்கு உரிமை இல்லை.

சண்டை விளையாட்டுகளிலும் சமயத் தோற்றம் பற்றிய கேள்வி சில இடங்களில் எழுகிறது. தாய்லாந்தின் சண்டைக்கலையான முவே தாய் வீரர்கள் சண்டைக்கு முன் ஆடும் குரு வணக்க நடனம், ஜப்பானிய மல்யுத்தமான சுமோவின் ஷிண்டோ சமயச் சடங்குகள், ஜூடோ கூடத்தில் நிறுவனரின் படத்துக்கு முன் தலைவணங்குதல் முதலியவை அப்படிப்பட்டவை. இவற்றுக்கு மேலே சொன்ன அளவுகோலே போதும். ஜூடோவை 1882-இல் தொடங்கிய கானோ ஜிகோரோ அதைக் கல்வியாகவும் ஒழுக்கப் பயிற்சியாகவுமே வகுத்தார். எதிராளியை வணங்குவது அங்கே மரியாதை, நாம் கைகூப்புவதைப் போல. இதில் நீண்ட நேரம் செலவழிப்பது, கொசுவை வடிகட்டி ஒட்டகத்தை விழுங்குவதாகிவிடும். ஏனென்றால் வணக்கம் முடிந்து மணி அடித்த பிறகு நடப்பதுதான் மெய்யான கேள்வி: தேவசாயலாகப் படைக்கப்பட்ட ஒரு முகத்தை, காயப்படுத்தும் நோக்கத்தோடு நான் குத்தலாமா?

இந்தக் கேள்வியை முதலில் கேட்டவன் நானல்லன். ஏறக்குறைய 200-ஆம் ஆண்டில் வட ஆப்பிரிக்காவின் கார்த்தேஜில் வாழ்ந்த ஆதிச் சபை எழுத்தாளர் தெர்த்துல்லியன், அரங்கக் காட்சிகளைக் கண்டித்து எழுதியபோது, குத்துச்சண்டையில் சிதைக்கப்படும் முகம் தேவனுடைய சாயல் என்றே சுட்டிக்காட்டினார். அவர் அந்தக் காட்சிகளின் விக்கிரக வழிபாட்டுத் தொடர்பையும் விரிவாகக் கண்டித்தவர்தான். ஆனால் பலிபீடத்தை அரங்கத்திலிருந்து நீக்கிவிட்டால் போதும் என்று அவர் நினைக்கவில்லை.

எல்லாச் சண்டை விளையாட்டுகளையும் ஒன்றாகக் கட்டிவிடக் கூடாது. வெற்றி எதனால் கிடைக்கிறது என்று பார்க்க வேண்டும். மல்யுத்தத்தில் எதிராளியின் தோள்களைத் தரையில் அழுத்தினால் வெற்றி. ஜூடோவில் அவரை முதுகு படும்படி வீசினாலோ அசையாமல் பிடித்தாலோ வெற்றி. எப்படி விழுவது என்பதையே முதல் பாடமாகக் கற்பிக்கும் கலை அது. வாள்வீச்சில் தொட்டால் புள்ளி. இவற்றிலும் காயங்கள் உண்டு, ஆனால் காயம் ஏற்படாமலேயே ஆட்டம் முழுமையாக முடியலாம். யாக்கோபு யாப்போக்கு ஆற்றங்கரையில் இரவு முழுவதும் போராடியதை நினைத்தால், மல்லுக்கட்டுவதில் இயல்பாகவே தீமை இருப்பதாக என்னால் சொல்ல முடியவில்லை. குத்துச்சண்டையிலும், தலையில் குத்தவும் உதைக்கவும் அனுமதிக்கும் பிற போட்டிகளிலும் நிலைமை வேறு. அங்கே மிக உயர்ந்த வெற்றி நாக்-அவுட். அதாவது எதிராளியின் மூளை அதிர்ந்து, அவர் நினைவிழந்தோ நிலைகுலைந்தோ விழுவது. காயம் அங்கே விபத்தாக நேர்வதில்லை, இலக்காகவே இருக்கிறது. அடிபட்டு அடிபட்டுத் தடுமாறும் குத்துச்சண்டை வீரர்களின் நிலையை ஹாரிசன் மார்ட்லண்ட் என்ற அமெரிக்க மருத்துவர் 1928-இலேயே மருத்துவ இதழில் விவரித்தார். உலக மருத்துவச் சங்கம் 1983-இல் குத்துச்சண்டையைத் தடைசெய்ய வேண்டும் என்று பரிந்துரைத்தது. ரோமில் இயேசு சபையினர் நடத்தும் இதழான லா சிவில்தா கத்தோலிக்கா, தொழில்முறைக் குத்துச்சண்டையைச் சட்டம் அனுமதித்த கொலைமுயற்சி என்ற பொருள்பட 2005-இல் எழுதியது. உடலுக்குக் கடுமையான தீங்கைத் தவிர்க்க முடியாதபடி விளைவிக்கும் விளையாட்டை அறநெறிப்படி நியாயப்படுத்த முடியாது என்று, விளையாட்டைப் பற்றி வத்திக்கான் 2018-இல் வெளியிட்ட ஆவணமும் சொல்கிறது.

இதற்கு எதிராகச் சொல்லப்படுபவற்றை நேர்மையாக எடைபோட வேண்டும். ‘ஆகாயத்தை அடிக்கிறவனாகச் சிலம்பம்பண்ணேன்’ என்று பவுலே எழுதவில்லையா என்பார்கள். எழுதினார், அதே வேதம் கர்த்தருடைய வருகையைத் திருடன் வருவதற்கும் ஒப்பிடுகிறது. ஓர் உவமை, தான் எடுத்துக்கொண்ட தொழிலுக்குச் சான்றிதழ் ஆகாது. குத்துச்சண்டைக் கூடங்கள் தெருவில் திரியும் இளைஞர்களுக்கு ஒழுக்கத்தையும் ஒரு தந்தையின் கண்டிப்பையும் தருகின்றன என்ற வாதம் இதைவிட வலுவானது. 1930-இல் சிகாகோவில் பெர்னார்ட் ஷீல் தொடங்கிய கத்தோலிக்க இளைஞர் அமைப்பு குத்துச்சண்டைப் போட்டிகளால்தான் புகழ்பெற்றது. அது ஏழைப் பிள்ளைகளுக்குச் செய்த நன்மையை நான் மறுக்க மாட்டேன். அமெரிக்கக் குத்துச்சண்டை வீரர் ஜார்ஜ் ஃபோர்மனின் வாழ்க்கையும் என்னைச் சிந்திக்க வைக்கிறது. அவர் 1977-இல் ஒரு தோல்விக்குப் பின் உடைமாற்றும் அறையிலேயே கிறிஸ்துவைக் கண்டுகொண்டதாகச் சாட்சி சொல்லி, பத்து ஆண்டுகள் களத்தை விட்டு விலகிப் போதகரானார். பிறகு தாம் நடத்திய இளைஞர் மையத்துக்குப் பணம் திரட்டத் திரும்பி வந்து, 1994-இல் 45 வயதில் மீண்டும் உலகச் சாம்பியன் ஆனார். பழைய கோபம் இல்லாமல் சண்டையிட்டதாக அவர் சொன்னதை நம்புகிறேன். ஆனால் கோபமில்லாமல் கொடுத்த குத்தும் மூளையை அதே அளவுக்கு அதிரச் செய்கிறது. கூடம் தரும் ஒழுக்கமும் நட்பும் தலையில் அடிப்பதால் வருபவை அல்ல. அவற்றை மல்யுத்தக் களமும் ஜூடோ கூடமும் தர முடியும்.

இருவரும் சம்மதித்துத்தானே இறங்குகிறார்கள் என்பது கடைசி வாதம். திருச்சபை இதை எட்டு நூற்றாண்டுகளுக்கும் முன்பே கேட்டு, மறுத்திருக்கிறது. 1139-இல் கூடிய இரண்டாம் லாத்தரன் பொதுச்சங்கம், மாவீரர்கள் முன்கூட்டியே பேசிவைத்துக்கொண்டு கூடி, வலிமையைக் காட்டுவதற்காக மோதும் போட்டிகளைத் தடைசெய்தது. அவற்றில் காயப்பட்டுச் சாகிறவருக்குப் பாவமன்னிப்பையும் இறுதி நற்கருணையையும் மறுக்க வேண்டாம், ஆனால் திருச்சபை அடக்கம் கூடாது என்று விதித்தது. அவர்கள் ஒத்துக்கொண்டு மோதியவர்கள் என்பது அச்சங்கத்துக்குத் தெரியாததல்ல. தடையின் வாசகத்திலேயே அது இருக்கிறது. எவரும் கீழ்ப்படியாத நிலையில், 1316-இல் திருத்தந்தை 22-ஆம் யோவான் அந்தத் தடையை விலக்கிக்கொண்டார் என்பதையும் சொல்ல வேண்டும். தடை தோற்றது, ஆனால் அதன் பின்னால் இருந்த நியாயம் தோற்றதாக எனக்குத் தோன்றவில்லை. என் உடல் என்னுடையது மட்டுமல்ல, அதைச் சிதைக்க இன்னொருவருக்கு அனுமதி தரும் அதிகாரம் எனக்கு இல்லை என்பதுதான் அந்த நியாயம்.

தாக்க வருபவரிடமிருந்து தன்னையோ பிள்ளையையோ காத்துக்கொள்ளக் கற்பது இதில் சேராது. மறுகன்னத்தைக் காட்டச் சொன்ன வசனத்தை வைத்து, எல்லா வன்முறையையும் தள்ளும் மெனோனைட்டுகள் போன்ற சபைகள் இங்கே என்னோடு உடன்பட மாட்டார்கள். அவர்கள் நிலையை மதிக்கிறேன். பிள்ளையைக் கராத்தே வகுப்பில் சேர்க்கும் பெற்றோர், கூடத்தின் சுவரில் யார் படம் இருக்கிறது என்று பார்ப்பதோடு நின்றுவிடாமல், பயிற்சிச் சண்டையில் தலையில் அடிப்பதற்கு அனுமதி உண்டா, அடிபட்ட பிள்ளையை எத்தனை நாள் விலக்கி வைப்பார்கள், தோற்றவனை ஆசிரியர் எப்படி நடத்துகிறார் என்பவற்றைக் கேட்க வேண்டும்.

பார்ப்பவர்களைப் பற்றியும் ஒரு வார்த்தை. அகுஸ்தீன் தம் நண்பர் அலிப்பியுஸைப் பற்றி எழுதியிருக்கிறார். சட்டம் படிக்க ரோமுக்குப் போன அலிப்பியுஸை நண்பர்கள் கிளாடியேட்டர்கள் மோதும் வாட்போர் அரங்குக்கு இழுத்துச் சென்றார்கள். உடலைத்தான் இழுத்துப்போக முடியும், என் கண்ணையும் மனதையும் அல்ல என்று சொல்லி அவர் கண்களை மூடிக்கொண்டு அமர்ந்தார். ஒருவன் வீழ்ந்தபோது கூட்டம் எழுப்பிய பேரொலியில், என்னதான் நடந்தது பார்ப்போம் என்று கண்ணைத் திறந்தார். அந்தக் கணத்தில் அவர் இரத்த வெறியைக் குடித்தார் என்கிறார் அகுஸ்தீன். பார்த்தார், கத்தினார், மீண்டும் வரவேண்டும் என்ற ஆவலோடு திரும்பினார். காசு கொடுத்துச் சண்டை பார்க்கும் விசுவாசி, ஒருவர் சரிந்து விழும் நொடியில் தம் நெஞ்சில் எழுவது என்ன என்று கவனித்தால், தமக்கு வேண்டிய பதில் கிடைத்துவிடும்.

சண்டையைத் தொழிலாகக் கொண்ட ஒருவர் ஞானஸ்நானம் கேட்டு வந்தால் சபை என்ன செய்வது? ஆதிச் சபையின் ஒழுங்குமுறை நூல்களில் ஒன்று, வாட்போர் வீரரும் அவருக்குப் பயிற்சி கொடுப்பவரும் தொழிலை விட வேண்டும், இல்லையேல் தள்ளப்பட வேண்டும் என்கிறது. குத்துச்சண்டை வாட்போர் அன்று. வேறு பிழைப்பு அறியாத ஒருவரிடம் இதை அப்படியே சொல்ல நான் தயங்குவேன். அவரை ஏற்றுக்கொண்டு, வேறு வேலை தேட உதவி, அவருடைய தலைவலியையும் மறதியையும் விசாரித்து மருத்துவரிடம் அழைத்துச் செல்லச் சொல்வேன். 2010-ஐ ஒட்டி அமெரிக்காவில் சில சபைகள் இளைஞர்களை ஈர்ப்பதற்காக எம்.எம்.ஏ. சண்டைகளைத் திரையிடும் கூடுகைகளை நடத்தின. அப்படிப்பட்ட கூட்டத்தின் சுவரொட்டியில் அந்தப் புதிய விசுவாசியின் படத்தைப் போட்டு, அவர் வாங்கும் அடிகளைச் சுவிசேஷத்துக்கு விளம்பரமாக்க மட்டும் சபைக்கு உரிமை இல்லை.